முதல் மூன்று மாத ஆயுர்வேதப் பேக்கேஜ்: ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒரு மதிப்பீடு

நாள் தள்ளிப்போய், டெஸ்டில் இரண்டு கோடு விழுந்ததும் பல வீடுகளில் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. ஒரு பக்கம் மகப்பேறு மருத்துவரிடம் ஸ்கேனுக்கு நாள் குறிப்பது, இன்னொரு பக்கம் ஆயுர்வேத மையத்தில் 'கர்ப்பிணி பரிசர்யா' (கர்ப்பகாலப் பராமரிப்பு) பேக்கேஜுக்குப் பணம் கட்டுவது. மையத்துக்கு மையம் பெட்டியின் நிறம் மாறும். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான்: வைத்தியர் ஆலோசனை, மாதவாரியாகப் பால் கஷாயப் பொடி, ஒரு கிருதம் (மூலிகை சேர்த்துக் காய்ச்சிய நெய்), 'கரு தங்க' ஒரு மாத்திரை, எண்ணெய் தேய்ப்பு, உணவு அட்டவணை, கர்ப்ப சம்ஸ்காரம் என்று கொஞ்சம் பாட்டும் மூச்சுப் பயிற்சியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆலோசனை, உணவு அட்டவணை, பால் கஷாயம் மூன்றுக்கும் காசு கொடுக்கலாம். கிருதம் இந்த மூன்று மாதத்துக்குத் தேவையில்லை. மாத்திரையை வாங்கவே கூடாது. எண்ணெய் தேய்ப்பு எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதெல்லாம் முதல் ஸ்கேன் முடிந்த பிறகுதான்.

முதல் உட்காரலில் என்ன கேட்கிறார்கள்?

ஒரு மையத்தை எடைபோட இதைவிட நல்ல சோதனை கிடையாது. கையைப் பிடித்து நாடி பார்த்ததும் மருந்துச் சீட்டு எழுதினால் எழுந்து வந்துவிடலாம். நாடி வேறு எதைச் சொன்னாலும், கரு கருப்பைக்குள் உட்கார்ந்திருக்கிறதா, கருக்குழாயில் மாட்டியிருக்கிறதா என்பதைச் சொல்லாது. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே தங்குகிறது. அதற்கும் டெஸ்டில் இரண்டு கோடு விழும், மசக்கையும் வரும். ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, லேசான ரத்தக் கசிவு, தோள்பட்டை நுனியில் வலி, தலைச்சுற்றல் என்று வந்தால் அதை 'வாயு' என்று கஷாயம் கொடுத்து இரண்டு நாள் தள்ளுவது உயிருக்கே ஆபத்து. குழாய் வெடித்தால் ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள்ளேயே சேரும்.

நல்ல வைத்தியர் ரிப்போர்ட்டைக் கேட்பார், வாங்கி ஐந்து இடங்களைப் பார்ப்பார்: கரு இருக்கும் இடம், எத்தனை கரு, தலையிலிருந்து பிட்டம் வரையிலான நீளமான சிஆர்எல், இதயத் துடிப்பு, கருவைச் சூழ்ந்த பையைச் சுற்றி ரத்தக் கட்டு ஏதாவது இருக்கிறதா. ஆயுர்வேத மருத்துவப் பட்டமான பிஏஎம்எஸ் படித்து மாநில கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பார்ப்பது குறைந்தபட்சம். பிரசூதி தந்திரம், ஸ்திரீ ரோகம் (மகப்பேறு, பெண்கள் நோய்) பிரிவில் முதுகலை முடித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் பெரும்பாலும் "ஸ்கேன் எடுத்துவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படி அனுப்பும் மையத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

ஸ்கேன் எப்போது, எத்தனை?

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் சுமார் 5 வாரத்தில் கருவைச் சூழ்ந்த பை தெரியும். ஐந்தரை வாரம் போல அதற்குள் யோக் சாக் என்ற சிறு வளையம், 6 வாரம் போல துடிக்கும் கரு. வயிற்றின் மேல் வைத்து எடுத்தால் இதெல்லாம் ஏறக்குறைய ஒரு வாரம் பின்னால் தெரியும். பிறப்புறுப்பு வழி ஸ்கேன் கருவைக் கலைத்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை, ஸ்கேன் கருவியின் முனை கருப்பை வாய்க்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. இதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும், வயிற்று ஸ்கேனுக்குத்தான் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு போவது. இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, ஐந்தாவது வாரத்திலேயே ஓடுவது. 'துடிப்பு இல்லை' என்று ஒரு வரி ரிப்போர்ட்டில் வரும், அந்தப் பயத்தில்தான் 'கரு தங்க' மாத்திரை வியாபாரமாகிறது. கரு நின்றுவிட்டது என்று சொல்ல அளவு இருக்கிறது: சிஆர்எல் 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வந்தும் துடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது கருவைச் சூழ்ந்த பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் உள்ளே கரு தெரியாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் 7 முதல் 14 நாள் கழித்து மறுபடி பார்ப்பதுதான் வழி. அந்த இடைவெளியில் ஒருவர் மாத்திரை கொடுத்து, அடுத்த ஸ்கேனில் துடிப்பு தெரிந்தால், பெயர் மாத்திரைக்குப் போய்விடும். உண்மையில் வேலை செய்தது நாள்காட்டி.

தேதிக் கணக்கும் இங்கே முக்கியம். 40 நாள் சுழற்சி உள்ளவருக்குக் கருமுட்டை வெளிவருவதே 26-வது நாள் போல. விலக்குக் கணக்கில் 8 வாரம் என்றால் கருவுக்கு உண்மையில் 6 வாரம் 2 நாள்தான். ஸ்கேன் தேதிக்கும் விலக்குத் தேதிக்கும் 8 வாரம் 6 நாள் வரை 5 நாளுக்கு மேலும், 9 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேலும் வித்தியாசம் வந்தால் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொள்வது வழக்கம். ஆயுர்வேத மையத்தின் 'முதல் மாதம், இரண்டாம் மாதம்' அட்டவணை பெரும்பாலும் விலக்குத் தேதியில் ஓடுகிறது. திருத்திய தேதியைச் சொல்லி அட்டவணையை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது, டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும் என்டி ஸ்கேன். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, சிஆர்எல் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது மட்டும். கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர் இடைவெளியை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். குழந்தை சரியாகப் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள், எரிச்சல்படாமல் நடங்கள். கூடவே டூயல் மார்க்கர் ரத்தப் பரிசோதனை. இந்த வாரங்களைத் தவறவிட்டால் இந்த ஸ்கேனைத் திரும்ப எடுக்க முடியாது. மையத்தின் சிகிச்சை நாட்கள் இதோடு மோதினால் சிகிச்சையைத் தள்ளிப் போடுங்கள்.

சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு முதல் மூன்று மாதத்தில் இந்த இரண்டும் போதும். ஸ்கேன் சென்டர் சேவையிலும் குறை சொல்ல இருக்கிறது. ஸ்கேன் ஒலி அலை, கதிர்வீச்சு அல்ல. அதனால் பயம் வேண்டாம். ஆனால் 7-வது வாரத்தில் பல்ஸ் டாப்ளரைப் போட்டு ஸ்பீக்கரில் 'டுப் டுப்' கேட்கவைப்பது தேவையில்லாத வேலை. டாப்ளர் ஒரே புள்ளியில் ஆற்றலைக் குவிக்கும், திசு சூடாகும். துடிப்பை எண்ண, அதைத் திரையில் கோடாகக் காட்டும் எம்-மோட் போதும். திரையின் ஓரத்தில் 'டிஐ' என்று ஒரு எண் இருக்கும், வெப்பக் குறியீடு. அது 0.7-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். "டாப்ளர் வேண்டாம், எம்-மோடில் பாருங்க" என்று கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பால் கஷாயம்: பேக்கேஜின் நல்ல பகுதி

சரக சம்ஹிதையின் சாரீர ஸ்தானம் எட்டாம் அத்தியாயம் மாதவாரியாகச் சொல்வது எளிமையானது. முதல் மாதம் வெறும் பால், இரண்டாம் மாதம் இனிப்புச் சுவை மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய பால், மூன்றாம் மாதம் தேனும் நெய்யும் சேர்த்த பால். வாந்தியும் வாய்க்கசப்பும் இருக்கும் நாட்களில் குளிர்ந்த, திரவமான, இனிப்பான உணவு என்பது நடைமுறைக்கும் ஒத்துவருகிறது.

இதில் ஒரு மொழிபெயர்ப்புக் கோளாறு சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் மாதப் பாலுக்கு மூலத்தில் உள்ள சொல் 'அனுபஸ்கிருதம்'. மருந்து சேர்க்காதது என்று பொருள். சில கையேடுகளில் அது 'காய்ச்சாத பால்' என்று அச்சாகியிருக்கிறது. காய்ச்சாத பாலில் லிஸ்டீரியா, புருசெல்லா கிருமிகள் வரலாம், இரண்டும் கருச்சிதைவு வரை கொண்டுபோகும். பொங்கக் காய்ச்சி ஆறவைத்த பால்தான்.

இரண்டாம் மாதக் கஷாயத்துக்குச் சாஸ்திர அளவு மூலிகை ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு, பால் மட்டும் மிஞ்சும்வரை வற்றவைப்பது. ஒரு சிறு டம்ளருக்கு 15 கிராம் மூலிகை, 120 மில்லி பால், 480 மில்லி தண்ணீர், கடைசியில் 120 மில்லி. குறுந்தொட்டி வேரோ தண்ணீர்விட்டான் கிழங்கோ, ரவை பருமனுக்கு இடித்ததுதான் வேண்டும். மாவாக அரைத்த பொடியைப் போட்டால் வடிகட்ட முடியாமல் தொண்டையில் கரகரவென்று நிற்கும், குமட்டல் இருக்கும்போது அதுவே வாந்திக்குக் காரணமாகிவிடும். மெல்லிய துணியில் தளர்வாக முடிந்து போடுங்கள், தண்ணீர்விட்டான் கிழங்கு ஊறி உப்பும். அடி கனமான பாத்திரம், சின்னத் தீ, முக்கால் மணி நேரம் போல ஆகும். தீயைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தால் அடிப்பிடித்து அந்த வாடை கடைசிவரை போகாது. தேன் சேர்க்கும் மாதத்தில் ஆறிய பிறகு சேர்ப்பது முறை, நெய்யும் தேனும் சம அளவில் போடுவதில்லை.

பேக்கேஜில் வரும் 'கிரானுல்ஸ்' டப்பாவை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். பின்பக்கம் படித்தால் பெரும்பகுதி சர்க்கரை என்று இருக்கும். கர்ப்பம் உறுதியான முதல் சந்திப்பிலேயே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை பார்ப்பது இந்திய நடைமுறை. 140 அல்லது அதற்கு மேல் வந்தவர்களுக்கு இந்த டப்பா ஆகாது.

அதிமதுரம் இன்னொரு இடைஞ்சல். சுசுருதர் சொல்லும் முதல் மாதக் கலவையிலேயே அது இருக்கிறது, அதனால் பல பொடிகளில் வரும். அதில் உள்ள கிளிசரைசின் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பின்லாந்தில் கர்ப்பிணிகளை அதிமதுரம் அதிகமுள்ள பண்டங்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ரத்த அழுத்தம் ஏற்கெனவே இருப்பவர்கள், அதற்காக ஆஸ்பிரின் எடுக்கப் போகிறவர்கள், அதிமதுரம் இல்லாத கலவையாகக் கேட்டு வாங்குங்கள்.

பலரும் கவனிக்காதது நேரம். மையம் 'காலை வெறும் வயிற்றில் பால் கஷாயம்' என்று எழுதும். தைராய்டு மாத்திரையும் காலை வெறும் வயிற்றில்தான். பாலில் உள்ள கால்சியம் அந்த மாத்திரை உடம்பில் சேராமல் தடுக்கும். முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது, மாத்திரை அளவையும் மருத்துவர்கள் கூட்டும் காலம் இது. கூட்டியும் தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்எச் இறங்கவில்லை என்றால் முதலில் இந்தப் பால் டம்ளரைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள், அல்லது கஷாயத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள்.

மசக்கைக்குச் சொல்லும் கை வைத்தியமும் நன்றாகவே இருக்கிறது. நெற்பொரிக் கஞ்சி, கொத்தமல்லி விதையை அரைத்துக் கற்கண்டு சேர்த்துக் கரைத்த நீர், சுக்கு. சுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக 1 கிராமுக்குள், நான்கு தடவையாகப் பிரித்து. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறவர்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்காமல் சுக்குப் பொடியைத் தொடர்ந்து எடுக்க வேண்டாம். எடை 5 சதவீதம் குறைந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே நிற்கவில்லை என்றாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனாலோ பொரிக்கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரி, டிரிப்ஸ்.

மாத்திரையும் கிருதமும்

பெட்டியில் சின்ன டப்பா ஒன்று இருக்கும்: கர்ப்பபால ரசம், கர்ப்ப சிந்தாமணி ரசம் என்ற மாதிரிப் பெயர்கள். கர்ப்பபால ரசத்தின் சேர்க்கையில் நாக பஸ்மம், வங்க பஸ்மம், ஹிங்குலம் உண்டு. பஸ்மம் என்றால் புடம் போட்ட சாம்பல். நாகம் என்றால் பாம்பு இல்லை, ஈயம். வங்கம் வெள்ளீயம். ஹிங்குலம் நம் பக்கத்து ஜாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. "சுத்தி செய்த பஸ்மம், ஒன்றும் செய்யாது" என்பார்கள். எத்தனை புடம் போட்டாலும் ஈயம் ஈயம்தான். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், எலும்பில் பல வருடம் தங்கும்.

இது ஏட்டளவிலான பயம் இல்லை. நியூயார்க்கில் 2011, 2012-ல் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்த 6 கர்ப்பிணிகளை விசாரித்தபோது எல்லோரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்து சாப்பிட்டிருந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை 2012-ல் வெளியிட்டது. ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டுவிட்டால் நிறுத்திவிட்டு, டப்பாவைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போய், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

லேபிளைப் படிக்கும் முறை எளிது. பெயரில் 'ரசம்', 'பஸ்மம்', 'சிந்தூரம்', 'லோகம்' வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 'மருத்துவ மேற்பார்வையில் மட்டும்' என்ற எச்சரிக்கை வரி இருந்தால் அதில் விஷப் பட்டியலில் உள்ள பொருள் இருக்கலாம். வெறும் மூலிகை மருந்துக்கு ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று உச்ச வரம்பு இருக்கிறது. பேட்ச் எண்ணைச் சொல்லி ஆய்வறிக்கை கேட்டால் ஒழுங்கான கம்பெனி கொடுக்கும்.

கிருதம் பெரும்பாலும் பலசர்ப்பிஸ். சாஸ்திரத்தில் நல்ல பெயர் உள்ள நெய்தான், ஆனால் அது முக்கியமாகக் கருத்தரிப்பதற்கு முன் கொடுப்பது. வசம்பு, பெருங்காயம், கடுகுரோகிணி, அமுக்கரா எல்லாம் அதில் சேர்கின்றன. அமுக்கராவைக் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைக் குறிப்பிலேயே உண்டு. கரு தங்கிய பிறகு இதைத் தொடர்வதற்கு வலுவான காரணம் எதையும் யாரும் காட்டவில்லை. தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் பிரசவத்துக்குப் பிறகு கொடுப்பவை, அவற்றில் தானாக ஊறிய ஆல்கஹால் உண்டு. மலச்சிக்கலுக்கு நிலவாகை, சிவதை, விளக்கெண்ணெய் வேண்டாம். இரவு ஊறவைத்த உலர்திராட்சையும் தண்ணீருமே பெரும்பாலும் வேலையை முடித்துவிடும்.

போலிக் அமிலம் மட்டும் எந்தப் பெட்டியிலும் இருக்காது. குழந்தையின் நரம்புக் குழாய் கருத்தரித்து 28 நாளில் மூடிவிடும், விலக்குக் கணக்கில் சுமார் 6 வாரம். தினம் 400 மைக்ரோகிராம். முன்பு நரம்புக் குழாய்க் குறையோடு குழந்தை பிறந்தவர்கள், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் சொல்லும் கூடுதல் அளவு. 'எல்லாம் கஷாயத்திலேயே இருக்கு' என்று இதை நிறுத்தச் சொல்லும் இடத்தை நம்ப வேண்டாம்.

எண்ணெய், ஆவி, பாட்டு

கை, கால், முதுகில் வெதுவெதுப்பான எண்ணெயை அழுத்தாமல் தடவிக் குளிப்பதில் தவறில்லை. அடிவயிற்றைத் தொடக் கூடாது. ஸ்கேனில் ரத்தக் கட்டு தெரிந்தவர்களும் கசிவு உள்ளவர்களும் அதையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆவிப் பெட்டி வேண்டவே வேண்டாம், ஆரம்ப வாரங்களில் உடல் சூடு 39 டிகிரியைத் தாண்டுவது நரம்புக் குழாய்க்கு ஆகாது. வமனம் (வாந்தி), விரேசனம் (பேதி), வஸ்தி (எனிமா) என்று பஞ்சகர்மா சேர்த்து விற்றால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். பாட்டு நல்லதுதான், கேட்பது அம்மா மட்டும். இந்த வாரங்களில் குழந்தைக்குக் காது கேட்காது.

சில இடங்களில் 'பும்சவனம்' என்று ஆண் குழந்தைக்காக மூக்கில் விடும் சாறும் சிவலிங்கி விதையும் மெல்லிய குரலில் சொல்லப்படுகிறது. பாலினம் கருத்தரித்த நொடியிலேயே முடிவாகிவிட்டது. 1994-ம் ஆண்டுச் சட்டம் 2003-ல் திருத்தப்பட்டபோது கருத்தரிப்புக்கு முன்னும் பின்னும் பாலினத் தேர்வையே தடை செய்தது, அதை விளம்பரம் செய்வதும் குற்றம். ஸ்கேன் சென்டரில் படிவம் எஃப்-இல் கையெழுத்து வாங்குவது அதே சட்டத்துக்காகத்தான். ஆயுர்வேத மையத்துக்குள்ளேயே ஸ்கேன் கருவி வைத்திருந்தால் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என்டி ஸ்கேன் முடிந்ததும் மையம் அடுத்த மூன்று மாதப் பேக்கேஜை நீட்டும். அதற்குள் மகப்பேறு மருத்துவர் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைத் தொடங்கியிருப்பார். அதையும் பாலோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு பாதிக்கு மேல் வீணாகும் வாய்ப்பு உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரை, ராத்திரி படுக்கும்முன் கஷாயம் என்று நேரத்தைப் பிரித்து எழுதித் தரும் வைத்தியராக இருந்தால் புதுப்பிக்கலாம்.